“சூப்பர் ப்ரோ” என்கிறார்கள், வேலை வரவில்லை: பாட்காஸ்ட் இசைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

கேள்வி: கோவையில் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாட்காஸ்ட்களுக்கென்றே தீம் மியூசிக் செய்து தருகிறேன். சவுண்ட்கிளவுடில் 40 துண்டுகள் ஏற்றியாயிற்று. இன்ஸ்டாகிராமில் வாரம் இரண்டு போஸ்ட் போடுகிறேன். கேட்பவர்கள் “சூப்பர் ப்ரோ” என்று எழுதுகிறார்கள். ஆனால் ஒரு வருடத்தில் வந்தது இரண்டே வேலை, அதுவும் நண்பர்கள் மூலம். விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். “சூப்பர் ப்ரோ” எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போன்ற இசைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் பாராட்டுவார்கள், வேலை தரமாட்டார்கள். வேலை தருகிறவர் இசையைத் தனியாகக் கேட்பதில்லை. தன் குரலுக்குக் கீழே அது எப்படி உட்காரும் என்பது மட்டுமே அவர் கவலை. நீங்கள் ஏற்றிய 40 துண்டுகளில் ஒன்றிலாவது யாராவது பேசுகிறார்களா?

முதல் வேலை, அந்த 40-ஐயும் ஓரமாக வைத்துவிட்டு 75 நொடியில் ஒரு ஷோரீல் (உங்கள் வேலையைக் காட்டும் மாதிரித் தொகுப்பு) செய்வது. மூன்று மாதிரிகள், ஒவ்வொன்றும் 25 நொடி: ஒரு நேர்காணல், ஒரு கதைசொல்லல், ஒரு செய்தி அலசல். ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி இசை முழுசாக ஒலிக்கட்டும். பிறகு அது தழைந்து குரல் நுழையட்டும். கடைசியில் இசை மறுபடி எழுந்து, தேய்ந்து மறையாமல், வெட்டினாற்போல ஒரு முத்தாய்ப்பில் முடியட்டும். பேசுவதற்கு நண்பர்களைப் பிடியுங்கள். ஒரு குரலையாவது சாதாரண மொபைலில் பதிவு செய்யுங்கள். வரப்போகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேரின் ஒலித்தரம் அப்படித்தான் இருக்கும், அதோடும் உங்கள் இசை ஒத்துப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகப் புரிவதற்குக் காரணமான ஒலி ஏறத்தாழ 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. வயலின், புல்லாங்குழல், வீணை மீட்டின் கூர்மையும் அங்கேயேதான். தனியாகக் கேட்கும்போது உயிரை உருக்கும் அந்த மெலடி, குரலுக்குக் கீழே வந்ததும் சண்டைக்கு நிற்கும். ஹம்மிங் இன்னும் மோசம்: கேட்பவரின் காது இரண்டு மனிதக் குரல்களில் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். மெலடியைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குக் கீழே ஓடும் பெட் இசையில் மெலடியை எடுத்துவிட்டு, அந்த அலைவரிசையில் சில டெசிபல் குறைத்து, மொத்தத்தையும் குரலைவிட 18 முதல் 20 டெசிபல் தாழ்த்திப் பாருங்கள்.

சத்தத்தின் அளவும் முக்கியம். பாட்டு மாஸ்டர் செய்கிற பழக்கத்தில் மைனஸ் 9 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை நெருக்கிப் பிழிந்து அனுப்பினால், எபிசோடுக்குள் அது குரலைவிடப் பாய்ந்து வரும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ், ட்ரூ பீக், அதாவது ஒலியின் உச்சம், மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஷோரீலையும் அதே அளவில் வையுங்கள். பிறகு 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக மாற்றி, ஹெட்போன் இல்லாமல் மொபைல் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸ் காணாமல் போயிருக்கும். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் அகலமான ஸ்டீரியோ பேட் மெலிந்திருக்கும். ஷேக்கரும் ஹை-ஹாட்டும் தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல் சளசளக்கும். இந்தச் சோதனையில் தேறுவதை மட்டும் வெளியே காட்டுங்கள்.

ஷோரீலுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். லாகின் கேட்காத பிளேயர், உங்கள் பெயர், தொலைபேசி எண், என்ன தருவீர்கள் என்று நான்கு வரி. கூகுள் டிரைவ் இணைப்பு அனுப்புவதானால் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று அனுமதியை மாற்றியிருக்கிறீர்களா என வேறொரு மொபைலில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் எதிராளி அதோடு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். கோப்பின் பெயர் ‘ஃபைனல்_மிக்ஸ்_7’ என்று இருக்கக் கூடாது, உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு எடிட்டர் தன் ஃபோல்டரைத் துழாவும்போது கண்ணில் படுவது அந்தப் பெயர்தான்.

அடுத்தது யாரிடம் போவது என்பது. புதிதாக மைக் வாங்கிய தனிநபர்களிடம் போகாதீர்கள். பத்து எபிசோடைத் தாண்டாமல் நின்றுபோகும் நிகழ்ச்சிகள் ஏராளம், அவர்களுக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியின் இலவச இசையே போதும். உங்களுக்கு வேண்டியவர் எடிட்டர். ஒரு எடிட்டர் ஒரே சமயத்தில் நான்கைந்து நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்டிருப்பார். தொகுப்பாளர் “இன்ட்ரோவுக்கு ஏதாவது போடுங்க” என்று சொல்வதும் அவரிடம்தான். நிகழ்ச்சியின் கடைசி அரை நிமிடத்தையும் எபிசோட் குறிப்பையும் பாருங்கள், எடிட்டர் பெயர் பெரும்பாலும் இருக்கும். பாட்காஸ்ட் அறைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோக்களும் இதே வகை. அடுத்து, சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்தும் மருத்துவமனைகள், கல்லூரிகள், மென்பொருள் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். இவர்களிடம் பட்ஜெட் இருக்கும், ‘உரிமை சுத்தமாக இருக்கிறதா’ என்று கேட்கும் சட்டப் பிரிவும் இருக்கும். அவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள், இன்ஸ்டாகிராமில் அல்ல.

நேரமும் பார்க்க வேண்டும். சீசன் நடுவில் யாரும் இசையை மாற்றமாட்டார்கள். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளிதான் தட்ட வேண்டிய கதவு. நூறாவது எபிசோட் நெருங்குவதும் நல்ல சாக்கு. இன்னொரு சின்ன உத்தி: அவர்களுடைய இப்போதைய தீம் இசையை, பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷஸாம் செயலியில் பிடித்துப் பாருங்கள். அது ஏதோ ஸ்டாக் லைப்ரரித் துண்டு (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த இசை) என்று தெரிந்தால், அதே இசை வேறு நிகழ்ச்சிகளிலும் ஒலித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் குத்திக்காட்டாதீர்கள், உங்கள் பட்டியலில் அந்த நிகழ்ச்சியை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், போதும்.

மெயில் முகவரி, பாட்காஸ்ட் செயலிகளுக்கு எபிசோட் விவரங்களைக் கொண்டுசெல்லும் ஆர்எஸ்எஸ் ஃபீடில் சில சமயம் கிடைக்கும், ஆனால் இப்போது பல ஹோஸ்டிங் சேவைகள் அதை மறைக்க வழி தருகின்றன. இணையதளம், எபிசோட் குறிப்பு என்று தேட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஐந்து மெயில், அதற்கு மேல் வேண்டாம். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு எபிசோடாவது முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டதற்கான தடயம் கடிதத்தில் தெரிய வேண்டும், இப்படி:

“வணக்கம். உங்கள் ஏழாவது எபிசோடில், கிணறு வெட்டிய கதையை அந்த விவசாயி சொல்லி முடித்ததும் உடனே விளம்பரம் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான்கு நொடி இசை வைத்துப் பார்த்தேன். 25 நொடி, இந்த இணைப்பில் கேட்கலாம். வேறெங்கும் வெளியிடவில்லை. அடுத்த சீசனுக்கு இசை மாற்றும் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்.”

கீழே பெயர், எண், உங்கள் பக்கம். வாழ்க்கைக் கதை வேண்டாம், எட்டாம் கிரேடு பியானோ சான்றிதழும் வேண்டாம். பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு அடுத்த சீசன் வரை விட்டுவிடுங்கள். இப்படி அவர்களுக்கென்றே மாதிரி செய்வதை மாதத்தில் மூன்று நான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஷோரீல் போதும். முழுத் தீம் இசையையும் இலவசமாகச் செய்து தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓசியில் வந்த இசைக்குக் காசு கொடுத்து இரண்டாம் சீசனைத் தொடங்குகிறவர்கள் அபூர்வம்.

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான விளம்பரம் தொடங்குகிறது. அது ஒப்பந்தத்தின் இரண்டு வரிகளில் இருக்கிறது. ஒன்று: ஒவ்வொரு எபிசோட் குறிப்பிலும் ‘இசை: இன்னார்’ என்று உங்கள் பக்கத்தின் இணைப்போடு போட வேண்டும், முடிந்தால் வாயாலும் சொல்ல வேண்டும். நியூயார்க் டைம்ஸின் ‘த டெய்லி’ முடிவில் தீம் இசை அமைத்த ஜிம் ப்ரன்பெர்க், பென் லேண்ட்ஸ்வெர்க் பெயர்களைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காசு கொடுத்தாலும் அப்படியொரு விளம்பரம் கிடைக்காது. இரண்டு: அந்த எபிசோடின் 30 நொடியை உங்கள் ஷோரீலில் பயன்படுத்த அனுமதி. முதலிலேயே எழுதி வாங்காவிட்டால் பிறகு கேட்கச் சங்கடமாக இருக்கும், நிறுவனங்களிடம் கிடைக்கவும் கிடைக்காது. பாட்சேசர் (பாட்காஸ்ட் தகவல் தளம்), ஐஎம்டிபி (திரைப்படத் தகவல் தளம்) இரண்டிலும் பாட்காஸ்ட்டுக்கு இசையமைத்தவர் பெயரைச் சேர்க்க முடியும், மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

அதே காகிதத்தில் உரிமைகளையும் எழுதிவிடுங்கள். 1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு என்றும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமத்துக்கும் இதே விதிகள் பொருந்தும். பாட்காஸ்ட் உலகமெங்கும் கேட்கிற பொருள். எனவே ‘உலகம் முழுவதும், நிகழ்ச்சி இருக்கும்வரை, டிரெய்லர், யூடியூப் வடிவம், சமூக ஊடகத் துணுக்குகள் உட்பட’ என்று தெளிவாக எழுதுங்கள். பதிப்புரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பது நல்லது. நீங்கள் ஐபிஆர்எஸ் (இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் இந்திய அமைப்பு) உறுப்பினராக இருந்தால், ‘இனி யாருக்கும் எந்தக் கட்டணமும் இல்லை’ என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் உறுப்பினர் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

பெயரைக் கெடுக்கும் ஒரு பொறி இருக்கிறது. செய்து கொடுத்த தீம் இசையை ஸ்பாட்டிஃபையிலும் வெளியிடலாமே என்று ஆசைப்பட்டு விநியோகஸ்தர் தளத்தில் ஏற்றுவீர்கள். அங்கே யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் இசை எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) பெட்டியில் டிக் விழுந்திருந்தால், உங்கள் வாடிக்கையாளரின் வீடியோ மேலேயே உரிமைக் கோரிக்கை போய் நிற்கும். அவருடைய விளம்பர வருமானம் திசைமாறும், அவர் கோபத்தோடு கூப்பிடுவார், எடிட்டர் வட்டாரத்தில் சேதி பரவும். அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள், அல்லது அவர் சேனலுக்கு விலக்கு வாங்கிக் கொடுங்கள். எல்லோரும் வாங்கக்கூடிய லூப்களை வைத்துச் செய்த இசைக்குக் கன்டென்ட் ஐடி கேட்கவே கூடாது.

விலையை நிமிடக் கணக்கில் சொல்லாமல் தொகுப்பாகச் சொல்லுங்கள்: 20 நொடித் தீம், லூப் ஆகும் இரண்டு நிமிட பெட், மூன்று ஸ்டிங் (பகுதிகளுக்கு இடையில் வரும் சில நொடி இசை), முடிவு இசை. எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ், கூடவே தனித்தனி ஸ்டெம்கள் (தாளம், பேஸ், மெலடி என்று பிரித்த கோப்புகள்). திருத்தம் இரண்டு முறை, பாதிப் பணம் முன்னதாக. ஸ்டெம்களை ஒழுங்காகப் பெயரிட்டுக் கொடுக்கிற இசைக்காரரை எடிட்டர்கள் மறப்பதில்லை.

இன்ஸ்டாகிராமை விட வேண்டியதில்லை. ஒரே பத்து நொடிப் பேச்சுக்கு மூன்று விதமான இசை போட்டு ஒரு ரீல் செய்யுங்கள், இசை என்ன வேலை செய்கிறது என்று இசை தெரியாதவருக்கும் விளங்கும். விளம்பரத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு நல்ல குரல் கலைஞரை அரை நாள் அமர்த்தி, அந்த ரீல்களுக்கும் ஷோரீலுக்கும் சேர்த்துப் பேச வையுங்கள்.