மானுக்காகப் பெர்சிமன் மரம்: கூடுதல் விலை தகுமா?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நண்பர்கள் மூவர் சேர்ந்து, வேட்டைக்கென்று 40 ஏக்கர் காட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். வெள்ளைவால் மான்களை வரவழைக்க, அவை விரும்பித் தின்னும் பழம் தரும் பெர்சிமன் மரத்தை நடச் சொன்னார்கள். மண் இல்லாமல் வேரோடு அனுப்பப்பட்ட பத்து விதைக்கன்றுகளை வாங்கினோம். பிரித்துப் பார்த்தால் வேரெல்லாம் கரிக்கட்டையாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? ‘மான் பெர்சிமன்’ என்று பல மடங்கு விலையில் விற்கும் ஒட்டுச்செடிகளை வாங்குவது நல்லதா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பெர்சிமனின் வேர் கறுப்பாக இருப்பதுதான் இயல்பு. நம் கருங்காலியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் கன்றுக்கு உயிர் இருக்கிறது. ஆணிவேர் நீளமாக இருக்கும். அதை மடக்கித் திணிக்காமல், குழியை ஆழமாக வெட்டி நடுங்கள். மற்ற மரங்களெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெதுவாகக் கண் திறக்கும் என்பதால், மே மாதம் முடியும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகும் துளிர்க்காதவற்றுக்கு மட்டும், விற்றவர் எழுத்தில் கொடுத்த உத்தரவாதத்தின்படி பணம் கேளுங்கள்.

விதைக்கன்றின் உண்மையான குறை வேறு. அமெரிக்கப் பெர்சிமனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம்தான். பூக்கும்வரை எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது, அதற்கே பல ஆண்டுகள் ஆகும். உங்கள் பத்தில் ஏறக்குறைய பாதி ஆணாக இருக்கலாம். பெண் மரத்திலிருந்து எடுத்து ஒட்டிய செடியில் இந்தச் சந்தேகமே இல்லை, அது காய்ப்புக்கும் முன்னதாகவே வரும். கூடுதல் பணம் தகுவது இதற்காக மட்டுமே. ‘மான்’ என்ற சொல் விளம்பரத்தில் ஒட்டியது என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் மான் எந்தப் பெர்சிமன் பழத்தையும் விடாது.

ஆகவே விற்பவரிடம், ரகத்தின் பெயர் என்ன, பழம் எந்த மாதத்தில் உதிரும் என்று கேளுங்கள். ஜார்ஜியாவில் வில் வேட்டை செப்டம்பரிலும், துப்பாக்கி வேட்டை அக்டோபரிலும் தொடங்குவதால், செப்டம்பரிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் ரகம் நவம்பரில் வேட்டைக்குப் போகிறவருக்கு உதவாது. முன்னதாக உதிர்வதில் ஒன்றையும், இலை விழுந்த பிறகும் பழத்தைக் கிளையில் பிடித்திருப்பதில் ஒன்றையும் கலந்து நடுவதே நான் சொல்லும் வழி. விலையைக் கணக்கிடும்போது, ஒவ்வொரு கன்றுக்கும் ஐந்தடி உயரப் பாதுகாப்புக் குழாயையும் முளைக்கம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழைக்கும் மானே கொம்பை உரசி இளம் பட்டையை உரித்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு உங்கள் நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாகப் பிளந்த கரும்பட்டை உள்ள மரம் தென்பட்டால் அது பெரும்பாலும் பெர்சிமன்தான், அந்தப் பகுதியில் அது தானாகவே வளரும். பூக்கும் காலத்தில் பார்த்தால், இரண்டு மூன்றாகக் கொத்தில் வருபவை ஆண் பூக்கள். தனித்து, சற்றே பெரிதாக இருப்பவை பெண் பூக்கள். பெண் மரமாக இருந்தால் அதன் மேல் நிழல் விழுத்தும் மரங்களை வெட்டி வெயில் விடுங்கள், அதற்குச் செலவு ஒரு நாள் உழைப்புதான். ஆண் மரங்களில் மகரந்தத்துக்காக ஒன்றிரண்டை விட்டுவிட்டு, மற்றவற்றில் பெண் மரக் குச்சியை ஒட்டலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நட்ட மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பழத்தை, மானைக் கவர இரை வைத்ததாகப் பொதுவாகக் கருதுவதில்லை. வேறிடத்தில் பொறுக்கிவந்து கொட்டினால் அது இரைதான், அதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிகளைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கையிலுள்ள பத்துக் கன்றுகளும் வீணல்ல. அவை பென்சில் பருமன் ஆனதும், நல்ல பெண் மரத்திலிருந்து குளிர்காலத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த குச்சிகளை, வசந்தத்தில் துளிர் விடும் நேரத்தில் அவற்றின் மேல் ஒட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர்களை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.