கல் பதித்த கரைக்கு நீர்நாய் வராது

காட்டுமன்னார்கோயில் பக்கம், கொள்ளிடத்தில் சேரும் வடிகால் வாய்க்காலையொட்டி நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிறுவயதில் கூட்டமாகப் பார்த்த நீர்நாய்கள் பல ஆண்டுகளாகக் கண்ணில் படவில்லை. கரையைச் சீர்செய்து, கல் பதித்து, ஒரு ஜோடி நீர்நாயையும் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீர்நாயைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். குடும்பமாக வாழும் விலங்கு அது. எங்கோ ஒரு குடும்பத்தைக் கலைக்காமல் அவரால் ஜோடி கொண்டுவர முடியாது. வழக்கு என்று வந்தால் தரகர் மறைந்துவிடுவார், நிலத்துக்காரரான நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொள்ளிடத்தில் நீர்நாய் இன்னும் இருக்கிறது. உங்கள் வாய்க்காலில் மீனும் மறைவும் இருந்தால் அது தானாக வந்து சேர வழி உண்டு.

அதற்கு வேண்டியது மண் கரை. கரையைக் குடைந்தும், மரவேர்களுக்கு அடியிலும் வளை அமைத்துத்தான் அது குட்டி போடுகிறது. கல்லும் சிமெண்டும் பதித்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். தூர்வாரும் பணியும் இதே கேட்டைச் செய்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதற்குள் முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், பொக்லைன் இயந்திரம் நாணலையும் கோரையையும் இரு கரைகளிலும் மழித்துவிட்டுப் போகிறது. வாய்க்கால் ஒரு துறையிடமும் விலங்கு வேறொரு துறையிடமும் இருக்க, இரண்டும் ஒரே கரை என்பதை எந்தக் கோப்பும் ஒப்புக்கொள்வதில்லை. தூர்வார வருபவர்களிடம் ஒரு கரையிலிருந்து மட்டும் வேலை செய்யும்படி எழுத்திலேயே கேளுங்கள். எதிர்க்கரையின் புதர் தப்பும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்பது சரியான பேச்சுதான். ஆனால் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கரையில் எஞ்சியிருக்கும் ஒரே மறைவு அந்த முட்புதர்தான் என்றால், அதை ஒரே நாளில் வெட்டாதீர்கள். முழுவதும் வெட்டினால் கரை வெட்டவெளியாகிவிடும். பகலில் ஒதுங்க இடமில்லாத கரையில் நீர்நாய் தங்காது. முதலில் நீர்விளிம்பில் நாணலும், சற்று மேலே நொச்சி, புங்கன், நீர்மருது ஆகியவையும் வேரூன்றட்டும். அவை ஆள் உயரம் வந்த பகுதியில் மட்டும், மழைக்காலத்துக்கு முன், துண்டு துண்டாக முள்ளை எடுங்கள். மொத்தமாக வெட்டி விறகுக்கு எடுத்துக்கொள்வதாக வருபவரின் கணக்கு விறகோடு முடிந்துவிடும்.

நீங்கள் உழுவது பட்டா நிலம் என்றாலும், வாய்க்கால் கரை பெரும்பாலும் புறம்போக்கு. அதில் கன்று நடுவதற்கும் அனுமதி பெறுங்கள். கோடையில் தண்ணீர் தங்கும் மடுவைத் தூர்க்கவோ, வற்ற இறைத்து மீன் பிடிக்கவோ விடாதீர்கள்.

வந்திருக்கிறதா என்று பார்க்க விடியற்காலையில் மணல்திட்டுக்குப் போங்கள். ஐந்து விரல் பதிந்து, விரல்களுக்கிடையே சவ்வு லேசாக அழுந்திய தடம் தெரியும். பக்கத்தில் மீன்வாடை வீசும் எச்சம் குவிந்திருக்கும். காய்ந்தபின் அது சாம்பல் நிறமாகி உதிரும்போது உள்ளே மீன் செதில்கள் மின்னும். பார்த்தால் தேதியை மட்டும் குறித்துவைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இடத்தின் பெயரோடு படத்தை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம், வலைக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள்.