பழசுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அவற்றோடு குடித்தனம் நடத்துவது என் ஆசை. இரண்டையும் தெரிந்துகொண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பாட்டி விட்டுப்போன டிரங்குப் பெட்டி, தகர டப்பாக்கள், பீங்கான் ஜாடிகள், ஓடாத சுவர்க் கடிகாரம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. போதாததற்கு நானே தேடித்தேடி வாங்கிய வண்ணக் கண்ணாடிப் புட்டிகள், எனாமல் தட்டுகள் வேறு. எதையும் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. 'காயலான் கடை மாதிரி இருக்கிறது' என்கிறார் வீட்டுக்காரர். வீடும் சின்னது. எப்படி அடுக்குவது?

பதில்: அவர் மேல் கோபப்படாதீர்கள். நெரிசலைத்தான் குறை சொல்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவையுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, 'இது இந்த வீட்டில் என்ன வேலை செய்யும்?' என்று கேளுங்கள்.

டிரங்குப் பெட்டிக்கு வேலை தேட வேண்டியதே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் போட்டால் போர்வைகள் உள்ளே போகும், மேலே ஆளும் உட்காரலாம். உட்புறத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, வெளுத்த பருத்தித் துணி விரியுங்கள். செய்தித்தாள் விரிக்காதீர்கள். அந்தக் காகிதத்தில் உள்ள அமிலம் துணியைப் பழுப்பாக்கிவிடும். தகர டப்பாக்களுக்கோ வேலை குவிந்து கிடக்கிறது. சார்ஜர் வயர்கள், ஊசி நூல், ரசீதுகள், மாத்திரை அட்டைகள் என்று இன்றைக்கு மேசை மேல் இறைந்து கிடப்பதெல்லாம் மூடியுள்ள அழகான டப்பாவுக்குள் போனால் பாதி வீடு ஒழுங்காகிவிடும். ஜாடிகளில் கரண்டிகளை நிற்கவையுங்கள், பெரிய ஜாடியில் குடைகளை வையுங்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம் என்பதால் புளிப்பான எதையும் அவற்றில் போட்டுவைக்க வேண்டாம். பூச்சு உதிர்ந்த எனாமல் தட்டிலும் சாப்பிட வேண்டாம். வாசல் பக்கத்தில் சாவி போட அதைவிட நல்ல தட்டு கிடைக்காது.

வேலை எதுவும் இல்லாமல் அழகுக்காக மட்டும் இருப்பவற்றைச் சிதறவிடாதீர்கள். ஐந்து புட்டிகள் ஐந்து இடத்தில் நின்றால் யாரோ மறந்துவைத்ததுபோல் இருக்கும். ஐந்தையும் வெயில் வரும் ஒரே ஜன்னல் விளிம்பில் நிறுத்துங்கள். அந்த ஜன்னலில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் கண் ஒரு பொருளின் மேல் நிற்கும். மிஞ்சியவை டிரங்குப் பெட்டியில் முறை வரும்வரை காத்திருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வையுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். சின்னச் சீட்டில் பென்சிலால், யார் வைத்திருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி, நூலில் கோத்து உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். பேனா மை காலப்போக்கில் மங்கலாம், ஈரம் பட்டால் ஊறலாம். பென்சில் எழுத்து நிற்கும். கதை தெரியாத பொருளை அடுத்த தலைமுறை எடை போட்டு விற்றுவிடும், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் பட்டறைக்கு வரும் பெட்டிகளில் எப்போதாவது இப்படி ஒரு சீட்டு அகப்படும். அந்தப் பெட்டியை நான் இன்னும் நிதானமாகத்தான் தொடுவேன்.

கேள்வி: தாத்தாவின் மர அலமாரி கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டி வெள்ளை பெயிண்ட் அடிக்க நினைக்கிறேன். சரியா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி மரமே இல்லை. பல வருடக் கை அழுக்கும், புகையும், எண்ணெயும்தான். இளஞ்சூடான தண்ணீரில் மிதமான சோப்பு இரண்டு சொட்டு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, கதவின் ஒரு மூலையை மட்டும் துடைத்து உடனே உலர்த்திப் பாருங்கள். மரத்தின் ரேகை எழுந்து வந்தால் மீதியையும் அப்படியே செய்துவிடலாம்.

பிறகு, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள். மேற்பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அந்த பாலிஷில் ஒரு நன்மை உண்டு. புதுப் பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதால், தெரிந்தவர் கையில் கொடுத்தால் சுரண்டாமலே மெருகு திரும்பிவரும். உப்புத்தாள் போட்டால் ஓரங்களின் வளைவும், கைபட்டுக் கைபட்டு வந்த வழுவழுப்பும் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர என்னாலும் முடியாது.

ஏற்கெனவே பழைய பெயிண்ட் அடித்த மரமென்றால் சுரண்டவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலப்பது உலகெங்கும் நடந்த வழக்கம். அமெரிக்காவிலேயே அதற்கு 1978இல்தான் தடை வந்தது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அலமாரிக்குக் கீழே மாவு மாதிரித் தூள் விழுகிறதா என்றும் பாருங்கள். துடைத்துவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துவையுங்கள். சில வாரத்தில் புதுத் தூள் விழுந்தால் பெரும்பாலும் உள்ளே வண்டு இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து வைத்து முடிக்கும்வரை வேறு மரச்சாமான்களின் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வளைத்த மரத்தாலான பழைய நாற்காலி ஒன்று வாங்கினேன். ஆடுகிறது, பிரம்பும் தொய்ந்திருக்கிறது. ஆணி அடித்து இறுக்கலாமா?

பதில்: ஆணி வேண்டாம், தம்பி. இந்த வகை நாற்காலிகளில் மிகப் புகழ்பெற்றது, மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. நீராவியில் வளைத்த 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள், அவ்வளவுதான். பிரித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்பி, போன இடத்தில் பூட்டிக்கொள்வதற்கென்றே செய்தது. உங்களுடையது யார் செய்ததாக இருந்தாலும் கவிழ்த்துப் பாருங்கள். திருகாணிகள் தளர்ந்திருக்கும். அவற்றை முறுக்கினாலே பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். ஆணி அடித்தால் வளைத்த மரம் ரேகையோடு பிளக்கும்.

பிரம்பு அறுந்திராமல் தொய்வு மட்டும் என்றால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது.

கேள்வி: ரசம் போய்ப் புள்ளி விழுந்த பெரிய நிலைக்கண்ணாடி. கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி பூசும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டறிந்தார். அதற்கு முன்பும், அதன் பிறகு பல பத்தாண்டுகளும், வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சுதான் புழக்கத்தில் இருந்தது. உங்களுடையது அவ்வளவு பழசு என்று தோன்றினால், பின்பக்கத்தைச் சுரண்டவோ வெறுங்கையால் தொடவோ வேண்டாம். முகம் பார்க்கப் புதுக் கண்ணாடி ஒன்று இருக்கட்டும். இதை விளக்குக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள். புள்ளி விழுந்த கண்ணாடி வெளிச்சத்தை மென்மையாக்கித் திருப்பித் தரும். இருட்டான நடைவழிக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

கேள்வி: பித்தளைப் பாத்திரங்களைப் பளபளவென்று தேய்க்கணுமா, அப்படியே விடணுமா?

பதில்: அலங்காரத்துக்கு வைப்பதென்றால் விட்டுவிடுங்கள், உலர்ந்த துணி போதும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பில் நெடுநேரம் ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, ஆங்காங்கே செம்பின் சிவப்பு தலைகாட்டும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மட்டும் அதை எடுத்தாக வேண்டும்.

கேள்வி: இருட்டில் ஒளிரும் எண்களுடைய பழைய மேசைக் கடிகாரம் கிடைத்தது. இப்போது ஒளிரவில்லை. துணி சுற்றிய வயருடன் ஒரு மேசை விளக்கும் உண்டு. இரண்டையும் மகளின் படிப்பறையில் வைக்கலாமா?

பதில்: விளக்கை வைக்கலாம், வயரை மாற்றிய பிறகு. துணிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வருடங்களில் நொறுங்கிவிடும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் புது வயரும் ஹோல்டரும் போடுங்கள். துணி சுற்றிய தோற்றத்திலேயே புது வயர் கிடைக்கிறது. கடிகாரத்தை மகள் பக்கத்தில் வைக்க வேண்டாம். 1960கள் வரை பல கடிகாரங்களின் எண்களில் ரேடியம் கலந்த பெயிண்டைப் பூசினார்கள். ஒளி நின்றதால் ரேடியம் போய்விட்டதாக அர்த்தம் இல்லை. ஒளிரும் பொருள்தான் தேய்ந்திருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். மூடியைத் திறக்காமல், படுக்கையறைக்கு வெளியே, கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: குடும்பத்துப் பழைய போட்டோக்களை ஒரு சுவர் முழுக்க மாட்ட ஆசை. ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் இருக்கின்றன, எடுத்தால் கிழிகின்றன.

பதில்: இழுக்காதீர்கள். முதலில் ஆல்பத்தில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் போட்டோவுக்கு அடியில் நுழைத்து, ரம்பம்போல் மெல்ல முன்னும் பின்னும் இழுத்து விடுவியுங்கள். சுவருக்குப் பிரதிகளே போகட்டும். பழைய படங்களையும் துணிகளையும் அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். நம் வீட்டு ஜன்னல் வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. அசல் படங்கள் அமிலமற்ற காகித உறைகளில், பீரோவின் நடுத்தட்டில் இருக்கட்டும். பரண் சுடும், தரையோரம் ஈரம் ஏறும். சுவரில் மாட்டும்போது சட்டங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. படங்களுக்கு நடுவே விடும் இடைவெளி மட்டும் ஒரே அளவாக இருக்கட்டும். நடுப்படம் நிற்பவரின் கண்மட்டத்துக்கு வந்தால் போதும், மற்றவை அதைச் சுற்றித் தாமே அமைந்துவிடும்.