ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்

கேள்வி: விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸையும் போட ஆசை. 512 ஜிபி எஸ்எஸ்டியில் 300 ஜிபி காலி. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் போனால் 18 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: காலி இடத்துக்கு நடுவே நகராத ஃபைல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷன் ஃபைல் (தூக்கத்துக்குப் போகும்போது மெமரியைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது கைகொடுப்பது), சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள் ஆகியவற்றை விண்டோஸ் ஓடும்போது இடம் மாற்ற முடியாது. அவற்றில் கடைசியாக இருப்பது வரைதான் டிரைவ் சுருங்கும். மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். ஹைபர்னேஷனை நிறுத்த, அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் விண்டோவில் ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ (powercfg /h off) போதும்.

வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஹைபர்னேஷன் மட்டும் நிறுத்தியபடியே இருக்கட்டும். அது போனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். அது போவதுதான் நமக்கு வேண்டியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். உபுண்டுவிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

உபுண்டுவுக்கு 25 ஜிபி குறைந்தபட்சம். 80 ஜிபி கொடுத்தால் நிம்மதி. பிரித்த இடத்தை ‘அன்அலோகேட்டட்’ ஆகவே விடுங்கள். ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து இ டிரைவ் ஆக்கிவிட்டு, இன்ஸ்டாலர் காலி இடத்தைக் காட்டவில்லையே என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, டிரைவில் உள்ளதை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்களில் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். ஓடினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அந்த லேப்டாப்பிலேயே அல்ல! பிறகு பிட்லாக்கரை நிறுத்தி, டிகிரிப்ஷன் முழுதாக முடிந்த பின்பே இன்ஸ்டாலரைத் தொடங்குங்கள். நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. உபுண்டு அதோடு ஓடும்.

கேள்வி: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் காலை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி மேல் பழி வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. அதனால்தான் அச்சாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். உபுண்டு டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) கட்டளையைக் கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதும்.

கேள்வி: உபுண்டு போட்டாயிற்று. ஆனால் ஆன் செய்தால் நேராக விண்டோஸுக்கே போகிறது.

பதில்: பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) போய், பூட் வரிசையில் ‘உபுண்டு’வை ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’க்கு மேலே ஏற்றுங்கள். திரும்ப இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி ஆகலாம்; மருந்து அதேதான்.