பி.காம். படித்த காசாளர் வானியல் சங்கத்தில் சேர முடியுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருக்கிறேன், படித்தது பி.காம். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன், அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிதான். இந்திய வானியல் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாமே, என்னைப் போன்ற ஆள் அதில் சேர முடியுமா? அங்கே என்னதான் செய்கிறார்கள்? "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்று வீட்டில் கேட்கிறார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, காசாளர் என்று படித்ததுமே எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். அவரிடம் கட்டாயம் வருகிறேன், அதற்கு முன்னால் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்திய வானியல் சங்கம் 1972ல் தொடங்கியது. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வானியல் துறைதான் அதன் முகவரி. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் வைணு பாப்பு, நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் வரக் காரணமான அதே பாப்பு. பிறந்தது சென்னையில், 1927ல். இன்று நாடு முழுக்க ஏறக்குறைய ஆயிரம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஊரில் கூடி அந்த வருட ஆராய்ச்சிகளைப் பேசுவார்கள். நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்கு விருது, 35 வயதுக்கு உட்பட்ட வானியலாளருக்குப் பாப்பு பெயரில் தங்கப் பதக்கம் எல்லாம் உண்டு. 40 வருடம் போலச் சொந்தமாக ஓர் ஆய்விதழ் நடத்தினார்கள், இப்போது இந்திய அறிவியல் அகாதமியோடு சேர்ந்து ஒன்றைக் கொண்டுவருகிறார்கள்.

இதிலிருந்தே புரிந்திருக்கும், இது முதன்மையாக ஆராய்ச்சியாளர்களின் சங்கம். அதே துறையில் வேலை செய்கிறவர்கள், அதற்காகப் படிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்து அமைந்தது. வங்கி வேலையில் இருந்துகொண்டு மாடியில் வானம் பார்க்கிற உங்களுக்கும் எனக்கும் அங்கே உறுப்பினர் அட்டை கிடைப்பதை நம்பி உட்கார வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதே பெயரில் இந்த நாட்டில் முதலில் இருந்த சங்கம் இப்படிப்பட்டதல்ல. 1910ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்துபோன சூட்டோடு கல்கத்தாவில் ஒரு வானியல் சங்கம் ஆரம்பித்தார்கள், அதில் அரசு அதிகாரியும் இருந்தார், ஆர்வத்துக்கு வானம் பார்த்தவரும் இருந்தார். பத்து வருடம் போல நடந்துவிட்டு மங்கிப்போனது. அது மட்டும் தொடர்ந்திருந்தால் உங்கள் கேள்விக்கு இன்று நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

சரி, அந்தக் காசாளருக்கு வருவோம். ராதாகோவிந்த சந்திரா என்று பெயர், 1878ல் வங்காளத்தின் ஜெசோரில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வே தேறவில்லை, ஒரு முறைக்கு மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டார். கிடைத்த வேலை ஜெசோர் அரசுக் கருவூலத்தில், நாணயம் நல்லதா கள்ளதா என்று சோதித்து எண்ணி வைக்கிற வேலை. அவரும் 1910ல் ஹாலியைப் பார்த்து மயங்கியவர்தான். 1912ல் இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார், 3 அங்குலம்! உங்களிடம் இருக்கிற அதே அளவு. 1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் திடீரென்று ஒரு புது நட்சத்திரம் பளிச்சென்று எரிந்ததை யாரும் சொல்லாமல் தானே கண்டுகொண்டு, பார்த்ததையெல்லாம் எழுதி அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து அமெரிக்காவின் மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தோடு, அதாவது ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரங்களைக் கவனிக்கிறவர்களின் சங்கத்தோடு, தொடர்பு கிடைத்தது. பகலில் நாணயம், ராத்திரி நட்சத்திரம் என்று மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அவர் அனுப்பியிருக்கிறார், அதுவும் கப்பல் தபால் காலத்தில். அந்தச் சங்கம் அவரை நம்பி 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் தாண்டி இரவலாக அனுப்பி வைத்தது. அவருக்கு வயதான பிறகு அந்தத் தொலைநோக்கி யாரிடம் போனது தெரியுமா? வைணு பாப்புவிடம். அவரிடமிருந்து காவலூருக்கு வந்து சேர்ந்தது.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் உதவியாளராக இருந்தார், பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். அங்கே உட்கார்ந்துதான் 1867ல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். 1872ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இன்று நாம் சொல்கிறோமே, வானத்தில் பார்த்ததற்கும் கணக்குக்கும் பொருந்திவர வேண்டும் என்று அதற்காக வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர். அவர் வேலை செய்த வானாய்வகமும் கையிலிருந்த கணக்கும்தான் அவருக்குப் படிப்பு.

ஆகவே அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சந்திரா அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம் 1911ல் தொடங்கி இன்றும் நடக்கிறது, உலகில் எங்கிருந்தும் யாரும் அவதானிப்பு அனுப்பலாம், அதற்கு உறுப்பினராகக்கூட வேண்டாம். முதல் மூன்று மாதம் தொலைநோக்கியையே தொடாதீர்கள். வெறுங்கண்ணால் திருவாதிரையைப் பாருங்கள். அது மாறொளி நட்சத்திரம், வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாக இருக்கும். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் ரோகிணியைவிடவும் மங்கிப்போய், வெடிக்கப்போகிறதோ என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது கக்கிய தூசியே அதை மறைத்திருந்தது. ரோகிணியின் ஒளி அளவு 0.9 என்று வைத்துக்கொண்டு (இதில் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), திருவாதிரை அதற்கு மேலா கீழா, எவ்வளவு என்று மதிப்பிட வேண்டியதுதான். சிவப்பு நட்சத்திரம் என்பதால் உற்று முறைத்துக்கொண்டே இருந்தால் நிஜத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும், அதனால் சட்டென்று பார்த்துச் சட்டென்று கண்ணை எடுங்கள். தேதி, மணி, மதிப்பு, வானம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: எழுதும் முன் நேற்றைய பக்கத்தைப் புரட்டக் கூடாது. நேற்றைய எண் மனதில் இருந்தால் இன்றைக்கும் கண் அதையேதான் பார்க்கும். கல்லாவில் பணம் எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் தொகையைச் சொன்னால் எண்ணிக்கை கெடுமே, அதேதான்.

இந்திய வானியல் சங்கத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. மக்களிடம் வானியலைக் கொண்டுபோக அவர்களுக்குத் தனிக் குழு இருக்கிறது, அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்ததுதான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் திண்டுக்கல், கோயம்புத்தூர் பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்தபோது எப்படிப் பாதுகாப்பாகப் பார்ப்பது என்று நிறைய வேலை செய்தார்கள். வருடாந்தரக் கூட்டத்தை ஒட்டிப் பொதுமக்களுக்கான பேச்சும் வைப்பார்கள், பக்கத்து ஊரில் நடக்கிற வருடம் போய்க் கேளுங்கள். இன்னும் பக்கத்தில் ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உங்கள் மாவட்டக் கிளையைப் பிடியுங்கள், தொலைநோக்கி வைத்திருப்பவர் என்று தெரிந்தால் விடவே மாட்டார்கள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அழைத்துப் போவார்கள்.

அப்புறம் வீட்டில் கேட்கிறார்களே, அதற்கு நீங்கள் வாயால் பதில் சொல்லவே வேண்டாம். வானியல் சங்கத்தின் அந்தத் தனிக் குழு வருடா வருடம் பரப்புகிற விஷயம் ஒன்று, நிழல் இல்லா நாள். உங்கள் பக்கம் ஏப்ரல் நடுவில் ஒருநாள், ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அன்று பகல் 12 மணிக்கு எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு, சமதரையில் மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி 12.20 வாக்கில் டம்ளருக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும், சுற்றிலும் ஒரு கீற்றுகூட இருக்காது. ஒரு நிமிடம்தான், உடனே மறுபக்கம் மெல்ல எட்டிப் பார்க்கும். காலுக்குச் செருப்பு மட்டும் போட்டுவரச் சொல்லுங்கள், ஏப்ரல் மாடி பொசுக்கிவிடும்.

மார்கழியில் இருட்டி இரண்டு மணி நேரத்துக்குள் திருவாதிரை கிழக்கே நன்றாக ஏறிவிடும். அதற்குள் கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி வந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், நான் பார்க்க வேண்டும்.