நியூ ஜெர்சியில் கடையின் இரண்டாவது பெயர்ப்பலகைக்கு ஸோனிங் வாரியத்திடம் விலக்கு கேட்டால் கிடைக்குமா?

கேட்டவர் சொல்வது: நெடுஞ்சாலை ஓரத்து வணிக வளாகத்தில் கடை எடுத்திருக்கிறார். பக்கச் சுவரில் இரண்டாவது பலகை வைக்க ஸோனிங் (எந்த இடத்தில் எதை எப்படி வைக்கலாம் என்ற ஊரின் நில விதி) அதிகாரி அனுமதி மறுத்துவிட்டார். வாரியத்திடம் போவது வீண் செலவா என்று கேட்கிறார்.

வீண் செலவு இல்லை. போங்கள். ஆனால் அங்கே போய் உங்கள் கடையைப் பற்றிப் பேசாதீர்கள். நிலத்தைப் பற்றிப் பேசுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. லீஸில் கையெழுத்தாகி வாடகை ஓட ஆரம்பித்திருக்கும். பலகை செய்பவரிடம் முன்பணமும் கொடுத்திருப்பீர்கள். "அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்று வளாகத்தின் உரிமையாளர் சொல்லியிருப்பார். லீஸை எடுத்துப் புரட்டுங்கள். பலகைக்கு அனுமதி வாங்குவது வாடகைதாரரின் பொறுப்பு என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

நான் வக்கீல் இல்லை. இந்தத் தளத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், தவறு கண்டால் திருத்தட்டும். இந்த மாநிலத்தில் 564 நகராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸோனிங் விதி, தனித்தனிப் பலகை அளவு. எங்கள் ஊரில் செல்லுபடியானது பக்கத்து ஊரில் செல்லாது. ஆனால் விலக்கு கொடுக்கும் முறை மட்டும் 1975ஆம் ஆண்டின் மாநில நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

நானும் என் மைத்துனரும் சேர்ந்து நடத்துவது மளிகையும் சிற்றுண்டியும் சேர்ந்த கடை. வளாகம் சாலையிலிருந்து நன்றாக உள்வாங்கி, கொஞ்சம் சாய்வாகத் திரும்பி நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு வங்கிக் கட்டடம். தெற்கிலிருந்து வருபவருக்கு வங்கி தெரியும், அதன் மரங்கள் தெரியும், எங்கள் முகப்பு தெரியாது. பக்கச் சுவர் மட்டும் ஒரு கீற்றாகத் தெரியும். அந்தச் சுவரில்தான் பலகை கேட்டோம். ஒரு கடைக்கு ஒரு சுவர்ப் பலகை, அதுவும் முகப்பில் மட்டும் என்பது எங்கள் ஊர் விதி.

மைத்துனர் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் வேறு. நாங்கள் வரி கட்டுகிறோம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறோம், கோவிட் காலத்தில் வயதானவர்கள் வீட்டு வாசலில் சாப்பாடு கொண்டுபோய் வைத்தோம். எல்லாம் உண்மை. வாரியத்தின் முன் ஒன்றுகூடச் செல்லாது. வியாபாரம் படுத்துவிடும் என்பதும் செல்லாது. பணக் கஷ்டத்தைச் சட்டம் கஷ்டமாகவே எடுத்துக்கொள்வதில்லை. விலக்கு நிலத்தோடு ஒட்டிக்கொள்வது. நாளைக்கு நீங்கள் கடையைக் காலி செய்தாலும் அந்த உரிமை அந்த இடத்தோடு நிற்கும். அதனால்தான் "நீ நல்லவனா" என்று அவர்கள் கேட்பதில்லை, "இந்த நிலத்துக்கு அப்படி என்ன கோளாறு" என்றுதான் கேட்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது அநேகமாக 'சி' வகை விலக்கு. அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிலத்தின் வடிவமோ மேடுபள்ளமோ ஏற்கெனவே நிற்கும் கட்டடமோ விதியைப் பின்பற்ற விடாமல் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டுவது. அந்த இடைஞ்சல் நீங்களே உண்டாக்கிக்கொண்டதாக இருக்கக்கூடாது. மற்றொன்று, விலக்கு கொடுப்பதால் பொதுவுக்குக் கிடைக்கும் நன்மை தீமையைவிட மிகுதி என்று காட்டுவது. இங்கே நன்மை என்பது ஊருக்கு வரவேண்டும், உரிமையாளருக்கு மட்டும் வந்தால் போதாது என்று 1988இல் வாரன் டவுன்ஷிப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த வழியில் போனாலும் அக்கம்பக்கத்துக்கும் ஊரின் ஸோனிங் திட்டத்துக்கும் பெரிய கேடு வராது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்ல உரிமம் பெற்ற பிளானர் (நிலத் திட்டமிடல் நிபுணர்) ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

எங்கள் பிளானர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 73 அடி கடக்கிறது. வங்கியின் மரங்களைத் தாண்டியபின் வளாகத்தின் நுழைவாயிலுக்கு ஏறத்தாழ 200 அடிதான் மிச்சம். ஆக, ஓட்டுபவருக்குக் கிடைப்பது மூன்று வினாடிகூட இல்லை. அதற்குள் கடையைக் கண்டு, கண்ணாடி பார்த்து, வலப்புறத் தடத்துக்கு மாற வேண்டும். பக்கச் சுவரில் பலகை இருந்தால் மரங்களுக்கு முன்பிருந்தே தெரியும், கடைசி நேரத்தில் பிரேக் போட மாட்டார்கள். இப்படிச் சொல்லும்போது இது எங்கள் வியாபாரமா, ஊரின் போக்குவரத்துப் பாதுகாப்பா? வாரியத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நானே அந்த நுழைவாயிலைத் தவறவிட்டிருக்கிறேன்" என்றார். மைத்துனர் என் தொடையில் கிள்ளினார்.

இந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே பலர் கவிழ்ந்துவிடுகிறார்கள். கவிழ்ப்பது அறிவிப்பு. உங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் ஒவ்வொரு சொத்தின் உரிமையாளருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் நேரிலோ சர்ட்டிஃபைட் தபாலிலோ அறிவிப்பு போக வேண்டும். பட்டியலை ஊர் அலுவலகத்திலேயே சான்றளித்து வாங்கிக்கொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலையை ஒட்டிய மனையாக இருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்ப வேண்டும். இதை மறந்துதான் எங்களுக்கு முன்னால் கூப்பிடப்பட்ட ஒரு பல் மருத்துவரின் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். பிளானர், பொறியாளர், வக்கீல் என்று மூவரையும் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரவைத்திருந்தார் பாவம். அறிவிப்பில் குறை இருந்தால் விசாரிக்கவே வாரியத்துக்கு அதிகாரமில்லை.

வக்கீல் வேண்டுமா என்றால், எல்.எல்.சி. அல்லது கார்ப்பரேஷன் பெயரில் விண்ணப்பித்தால் வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் நீங்களே பேசலாம். பேசாதீர்கள் என்பது என் யோசனை.

இனி என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பலகையில் மேல்வரி தமிழ், கீழ்வரி ஆங்கிலம். எங்கள் ஊரில் பலகையின் பரப்பை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? எழுத்துகளை முழுவதும் உள்ளடக்கும் மிகச் சிறிய செவ்வகம் எதுவோ அதுதான் பரப்பு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் சிப்பாய்கள் மாதிரி நிற்கும், நட்டமில்லை. எங்கள் பெயரிலோ ஒரு 'வி' இருக்கிறது, ஒரு 'ழு' இருக்கிறது. ஒன்றின் விலங்கு (எழுத்தோடு சேரும் வளைகோடு) மேலே வளைகிறது, மற்றொன்றின் விலங்கு கீழே இறங்குகிறது. இந்த இரண்டு வளைவுக்காகச் செவ்வகம் மேலும் கீழும் நீள்கிறது. நடுவில் உள்ள வெற்றுச் சுவர் எல்லாம் எங்கள் கணக்கில் ஏறுகிறது. பலகை செய்பவர் கணினித் திரையில் அந்த மேல்விலங்கைத் தேய்த்துக் குட்டையாக்கி, "இப்போது இடம் மிச்சமாகிறது பாருங்கள், உங்கள் ஆட்களுக்கு இதுவே புரியும்" என்றார். 'வி' கிட்டத்தட்ட 'வ' ஆகியிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிளானர்தான் வழி கண்டார். இரண்டு வரியையும் சேர்த்து ஒரே பெரிய செவ்வகமாக அளக்காமல், வரிக்கு ஒன்றாக இரண்டு செவ்வகங்களாக அளக்கலாமா என்று எங்கள் ஊர் விதியைப் படித்துப் பார்த்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. ஸோனிங் அதிகாரியும் ஒப்புக்கொண்டார். கேட்ட பரப்பு கணிசமாகக் குறைந்தது. உங்கள் பலகையிலும் தமிழ் இருந்தால் இதை முதலிலேயே செய்யுங்கள்.

விசாரணையில் ஓர் உறுப்பினர், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அந்த மேல்வரி புரியாதே, அதை எடுத்துவிடச் சொல்லி நிபந்தனை போடலாமா என்று கேட்டார். எங்கள் வக்கீல் எழுவதற்குள் வாரியத்தின் சொந்த வக்கீலே குறுக்கிட்டார். அளவு, வெளிச்சம், இடம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள், எழுதியிருப்பது என்ன என்பதற்குள் போக வேண்டாம் என்றார். 2015இல் கில்பர்ட் என்ற அரிசோனா ஊரின் பலகை விதியை, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபாடு செய்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதற்கும் வெகு முன்பே, 1989இல், கலிபோர்னியாவின் பொமோனா நகரம் அயல்மொழிப் பலகைகளில் பாதி இடம் ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று வைத்திருந்த விதியை அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. ஆசிய வணிகர்கள் தொடுத்த வழக்கு அது. அவர்கள் கொடுத்த வக்கீல் கட்டணத்தில் நாம் சுகமாக உட்கார்ந்திருக்கிறோம்.

"அமெரிக்கா போயும் தமிழில் பலகை எதற்கு" என்று கேட்க யாராவது வருவார்கள். வாருங்கள். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. சென்னையில் எத்தனை கடைகளில் அந்த விகிதத்தைப் பார்க்கிறீர்கள்? இங்கே என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கைக்காசைச் செலவழித்து வைத்தேன். இன்னொரு கூட்டம் "விதியை மீறத்தானே விலக்கு" என்று சொல்லும். விலக்கும் அதே சட்டத்தில் எழுதியிருப்பதுதான் ஐயா. எல்லா மனையும் ஒரே மாதிரி இருக்காது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அதனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். செயலாளரிடம் நேரில் சொன்னேன், வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஆள் ஒருவரும் வரவில்லை. ஆண்டுதோறும் பொங்கல் மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கேட்டு வருவார்கள். கொடுப்போம். ஒருமுறை பழைய முகவரியோடு அச்சடித்தார்கள். கேட்டதற்கு, அடுத்த மலரில் திருத்தம் போடுகிறோம், அதற்கும் அரைப்பக்கக் கட்டணம் உண்டு என்றார்கள். பொங்கல் விழாவுக்குச் சலுகை விலையில் வடையும் வேண்டும், அதுவும் சூடாக வேண்டும். இதே ஆட்கள்தான் "கடையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள். சரி, இது கேள்விக்குத் தொடர்பில்லாதது. விட்டுவிடுகிறேன்.

எழுந்து பேசியவர் வளாகத்துக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு மூதாட்டி மட்டும்தான். தன் படுக்கையறைச் சுவரில் நீலமாக வெளிச்சம் விழும் புகைப்படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். அது எங்களுடையது இல்லை, வளாகத்தின் வேறு ஒரு கடையினுடையது. பிறகு விடியற்காலையில் குப்பை லாரி வந்து தொட்டியைப் போட்டு உடைக்கும் சத்தத்தைப் பற்றியே அதிக நேரம் பேசினார். தலைவர் குறுக்கிடவில்லை. அந்த மூதாட்டியிடம் எதிர்த்து எதுவும் பேசாதீர்கள் என்று எங்கள் வக்கீல் சொல்லிவைத்திருந்தார். பலகையின் விளக்கைக் கடை மூடிய அரைமணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம், எழுத்துகளுக்குப் பின்னாலிருந்து மங்கலாக மட்டும் ஒளி வரும்படி செய்கிறோம் என்று நாங்களாகவே நிபந்தனை கொடுத்தோம். மூதாட்டி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் இரண்டு நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாரியத்துக்கு எதையாவது குறைத்த திருப்தி வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் அனுமதி இல்லாமல் வைத்திருக்கிறாரே என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பலன் இல்லை. அவருக்கு நோட்டீஸ் போகும். வளாகத்தில் காலம்பூராவும் முகம் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு விலக்கு கிடைத்தது. 'சி' வகைக்கு வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். நிலத்தின் பயன்பாட்டையே மாற்றும் 'டி' வகைக்குத்தான் ஐந்து ஆதரவு வாக்குகள் வேண்டும். வேறு ஒருவரின் வியாபாரத்தை விளம்பரப்படுத்தும் பெரிய ஹோர்டிங் என்றால் அநேகமாக அந்தக் கணக்கில் போய்விடும், கவனம். வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஏணியை எடுக்காதீர்கள். எழுத்துப்பூர்வத் தீர்மானம் நிறைவேற 45 நாட்கள்வரை ஆகலாம். அதன் அறிவிப்பு வெளியான பிறகு எதிர்ப்பவர்கள் நீதிமன்றம் போக இன்னொரு 45 நாட்கள் உண்டு. அதற்குள் பலகையை மாட்டினால் அது உங்கள் பொறுப்பு. இடைப்பட்ட காலத்துக்குத் தற்காலிக பேனர் வைக்கலாமா என்று ஸோனிங் அதிகாரியைக் கேளுங்கள், பல ஊர்களில் அனுமதி உண்டு.

கடைசியாகப் பணம். விண்ணப்பக் கட்டணம் போக எஸ்க்ரோ என்று ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள். உங்கள் மனுவைப் படிக்கும் வாரியத்தின் பொறியாளருக்கும் பிளானருக்கும் வக்கீலுக்கும் அதிலிருந்துதான் சம்பளம். தீர்ந்தால் மறுபடி கட்டச் சொல்வார்கள், மிஞ்சினால் தானாகத் திருப்பித் தர மாட்டார்கள். வேலை முடிந்ததும் கணக்கை முடிக்கச் சொல்லிச் சர்ட்டிஃபைட் தபாலில் எழுதிக் கேளுங்கள். நாங்கள் எழுதியிருக்கிறோம். ரசீது இருக்கிறது, பணம் வரவில்லை.