குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சனை மேடையில் வெல்ல முடியாதவர்கள், வேறு எப்படி வீழ்த்தினார்கள்?

சட்டத்தை வைத்து. ஆனால் அந்தப் பட்டத்தை அவருக்கு எட்டாமல் எப்படி வைத்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

இன்றுபோல் 'இன்னாரோடு மோதியே ஆகவேண்டும்' என்று சாம்பியனைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு அன்று கிடையாது. எதிராளியைச் சாம்பியனே தேர்ந்தெடுப்பார். கறுப்பர்களோடு மோதமாட்டேன் என்று அந்நாளைய சாம்பியன் ஜான் எல். சல்லிவன் வெளிப்படையாகவே சொன்னார். பின்னால் வந்த சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸும் பட்டத்துக்கான ஆட்டங்களில் அதே வழியில் நடந்து, 1905-இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். 1878-இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த ஜான்சன், 1903 முதலே 'கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன்'; அது கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த பட்டம். அதற்கு மேல் ஏற வழியில்லை.

பூட்டைத் திறந்தது பணம். அன்றைய சாம்பியன் டாமி பர்ன்ஸை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று ஜான்சன் துரத்திக்கொண்டே போனார். கடைசியில் மெக்கின்டாஷ் என்ற ஏற்பாட்டாளர் பர்ன்ஸுக்கு 30,000 டாலர் தர ஒப்புக்கொண்டார், ஜான்சனுக்கு 5,000. 1908 டிசம்பர் 26, சிட்னி. பதினான்காம் சுற்றில் காவல்துறை புகுந்து ஆட்டத்தை நிறுத்தியது; பட்டம் ஜான்சனுக்கு. படம் எடுத்துக்கொண்டிருந்த கேமராவையும் நிறுத்தினார்கள். வெள்ளைச் சாம்பியன் சாயும் காட்சி திரைக்கு வரக்கூடாது என்பதே நோக்கம்.

ஜான்சனின் ஆட்டமுறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாய்ந்து அடிப்பவர் அல்ல. உடலைப் பின்னுக்குச் சாய்த்து நிற்பார்; வரும் குத்தைத் திறந்த கையுறையால் நடுவழியிலேயே பிடிப்பார்; நெருங்கினால் எதிராளியின் மேற்கைத் தசையை அழுத்தி வைத்துக்கொண்டு, கீழிருந்து மேல்நோக்கிக் குத்தும் அப்பர்கட் விடுவார். இந்தக் காத்திருக்கும் திறமையைத்தான் அன்றைய பத்திரிகைகள் 'சோம்பல்', 'கோழைத்தனம்' என்று எழுதின. வெள்ளை வீரர் ஒருவர் இதையே செய்தால் அதற்குப் பெயர் புத்திசாலித்தனம்.

'வெள்ளையரின் மானம் காக்க' என்று ஜெஃப்ரிஸைத் திரும்ப அழைத்தார்கள். அவர் ஏறக்குறைய 45 கிலோ எடை குறைக்க வேண்டியிருந்தது. 1910 ஜூலை 4, நெவாடாவின் ரீனோ, 45 சுற்றுகளுக்கான ஆட்டம். பதினைந்தாம் சுற்றில், தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கீழே விழாத ஜெஃப்ரிஸ் மறுபடி மறுபடி விழுந்தார். 'நாக் அவுட்' என்று பதிவாகிவிடக் கூடாதென்று அவருடைய ஆட்களே ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பல ஊர்களில் அந்த ஆட்டத்தின் படத்துக்குத் தடை. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையே சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இனி அந்த வழக்கு. 1910-இன் மான் (Mann) சட்டம் பெண்களைக் கடத்தி விபச்சாரத்தில் தள்ளுவதைத் தடுக்க வந்தது. ஆனால் அதில் 'வேறு எந்த ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகவும்' என்றொரு தளர்வான சொற்றொடர் இருந்தது. பிடிக்க நினைத்தவரைப் பிடிக்க அது போதும். ஜான்சனுடைய துணைவியர் பலர் வெள்ளைப் பெண்கள். அதை அவர் மறைக்கவும் இல்லை. 1912-இல் லூசில் கேமரன் என்ற பெண்ணை வைத்து முதல் வழக்கு. அவர் சாட்சி சொல்ல மறுத்து, அதே ஆண்டு ஜான்சனையே மணந்துகொண்டார். விட்டார்களா? பழைய தோழி பெல் ஷ்ரைபரைத் தேடிப் பிடித்தார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து சிகாகோவுக்கு வர அவருக்கு 75 டாலர் அனுப்பியதுதான் குற்றம். 1913-இல் முழுக்க வெள்ளையரே அமர்ந்த ஜூரி ஜான்சனைக் குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

ஜான்சன் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார். 1915-இல் ஹவானா வெயிலில், 37 வயதில், ஆறரை அடி உயர ஜெஸ் வில்லார்டிடம் 26-ஆம் சுற்றில் பட்டத்தை இழந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பின்னால் அவரே சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. தோற்க முடிவெடுத்தவர் 25 சுற்று அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க மாட்டார். 1920-இல் சரணடைந்து லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்தார். மன்னிப்பு 2018-இல்தான் வந்தது, அவர் இறந்து 72 ஆண்டுகள் கழித்து.

அவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பினத்தவர் ஹெவிவெயிட் பட்டம் வெல்ல 1937 வரை ஆனது. அவர் ஜோ லூயிஸ். விழுந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவருடைய மேலாளர்கள் முன்கூட்டியே விதித்திருந்தார்கள்.